மீல்ஸ் ரெடி

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் முப்பது நாளில் ஆங்கிலம் பேச வைக்கும் புத்தகங்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றை வாங்கினேன். 'உணவு விடுதியில்' என்று ஓர் அத்தியாயம். இருவருக்கு மேஜை கேட்பது எப்படி, நாப்கின் கேட்பது எப்படி, மாமிசம் எந்தப் பதத்தில் வெந்திருக்க வேண்டும் என்று சொல்வது எப்படி. இங்கிருந்து திண்டிவனம் வரையிலான சாப்பாட்டுக் கடைகளில் இந்த வாக்கியங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தும் வாங்குகிறார்கள். அவமானப்படாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழும் தைரியத்தை நாற்பது ஐம்பது ரூபாய்க்கு வாங்கப் பார்க்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. என் சண்டை நம் ஆட்களோடு.

சென்ற மாதம் ஒரு கூட்டம் முடிந்து சாப்பிடப் போனோம். 'மீல்ஸ் ரெடி' பலகையைப் பார்த்ததும் கவிஞ நண்பர் கொதித்துவிட்டார். சாப்பாடு என்று எழுத வெட்கமா என்றார். நண்பர் தம் கவிதையில் 'உணவகம்' என்றுதான் எழுதுவார். அந்தச் சொல் பலகையில் இருக்கிறது, அச்சில் இருக்கிறது. பசித்தவன் வாயில் நான் கேட்டதில்லை.

மீல்ஸை ஆங்கிலம் என்று யார் சொன்னது? ஆங்கிலேயனிடம் 'ஒரு மீல்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள், விழிப்பான். ஹோட்டல் அவனுக்குத் தங்குமிடம். நமக்குச் சாப்பிடுமிடம், தங்குவதற்கு லாட்ஜ். பார்சல் அவனுக்குத் தபாலில் வருவது. நமக்கு இலையில் கட்டிய நாலு இட்லி. இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் பகலில் கொறித்ததற்கு டிபன் என்று பெயர். 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் அது இருக்கிறது. அவர்கள் போனார்கள், சொல்லை நாம் தோசைக்கு வைத்துக்கொண்டோம். நம் மிளகுத்தண்ணீரை அவர்கள் முல்லிகடானி என்ற சூப்பாக்கி, வெட்கப்படாமல் குடித்தார்கள். கடன் வாங்குவதில் வெட்கம் நமக்கு மட்டும் எதற்கு?

சொல்லின் குலத்தைக் கேட்பவர்கள், சாப்பிட வந்தவனின் குலத்தைக் கேட்ட காலத்தை மறந்துவிட்டார்கள். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம் 1941 வரை இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது, பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லுக்காக. 'பிராமணாள் காபி கிளப்' என்ற பலகையில் காபியும் கிளப்பும் ஆங்கிலந்தான். கதவைச் சாத்தியது அவை இல்லை. கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இருந்தது. 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 'நீ யார்?' என்ற கேள்வி இங்கே தத்துவ விசாரமாக இருந்ததில்லை.

அந்த மண்ணில்தான் 'மீல்ஸ் ரெடி' என்று எழுதி வைத்தார்கள். காசு கொடு, டோக்கன் வாங்கு, காலியாயிருக்கும் இடத்தில் உட்கார். ஒரு சொல் சாதியை ஒழித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டு எழும் வரையாவது அதை வெளியே நிற்க வைத்தது. நமது சுத்தத் தமிழ் கோஷத்துக்கு இந்தக் காரியம் கண்ணில் படவில்லை.

படுகிற ஆங்கிலம் வேறு இருக்கிறது. அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். திண்டிவனத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம், குளிர்சாதனம் போட்ட ஒரு ரெஸ்டாரன்டுக்கு அழைத்துப் போனேன். அட்டை வந்தது. ஸ்டார்டர்ஸ், மெயின் கோர்ஸ், டெஸர்ட். எல்லாம் ஆங்கில எழுத்தில், ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. அப்பா அட்டையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார். பிறகு பரிமாறும் பையனிடம் தாழ்ந்த குரலில், "தம்பி, மீல்ஸ் இல்லியா?" என்றார். பையன் ஒடிசாக்காரன். தமிழ் தெரியாது. மீல்ஸ் மட்டும் புரிந்தது. "மீல்ஸ் இல்லே," என்று அவனும் தாழ்ந்த குரலிலேயே சொன்னான். அப்பா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "எனக்குப் பசிக்கலப்பா, நீ சாப்புடு" என்றார்.

நான் அட்டையைப் படித்துக் காட்டியிருக்கலாம். படித்தால் அவருக்குத் தெரியாது என்பது பக்கத்து மேஜைக்குத் தெரிந்துவிடும். எழுந்து வந்தோம். விழுப்புரத்துக்குத் திரும்பி, பலகை பார்த்து நுழைந்த கடையில் அவர் இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நண்பர் அந்த அட்டையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நம்மில் யாரும் எழுதியதில்லை. அதைப் படிக்க நமக்குத் தெரியும் என்பதுதான் காரணமா? மொழிக்காகக் கோபப்பட வேண்டுமென்றால் அந்த அட்டையைத் தமிழ் எழுத்தில் அடிக்கச் சொல்லி, அந்தக் கல்லாவில் போய்க் கோபப்படுங்கள். நானும் வருகிறேன். 'மீல்ஸ் ரெடி'யை விட்டுவிடுங்கள். அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கும் பலகை அது.