கல்யாணத் தேதியை மாத்த வேணாம், குழந்தைத் தேதியை மாத்துங்க

1/
"டாக்டர், 40 நாள்ல கல்யாணம். முகத்துக்கு ஒரு க்ரீம் எழுதிக் குடுங்க."
"அன்னிக்கு பீரியட்ஸ் வராம இருக்க மாத்திரை வேணும்."
கல்யாணப் பொண்ணுங்க டாக்டர்கிட்ட வர்றது பெரும்பாலும் இந்த ரெண்டுக்குத்தான். "என்ன டெஸ்ட் எடுக்கணும்?"னு கேட்டு வர்றவங்க ரொம்பக் குறைவு. அவசரக் கல்யாணம் பத்தி ஒரு நீண்ட இழை. நிதானமா படிங்க.

2/
அண்ணாகிராமம், பண்ருட்டி பக்கம் முந்திரி, பலா காசு கைக்கு வர்றதே கோடையிலதான். ஆடி பிறந்துட்டா கல்யாணம் வைக்க மாட்டாங்க. சிங்கப்பூர், துபாய் மாப்பிள்ளைன்னா லீவே ஒரு மாசம். "பாட்டி கண்ணை மூடறதுக்குள்ள பார்த்துடணும்"னு இன்னொரு காரணம். ஆக, பேசி முடிச்ச 30, 40 நாள்ல தாலி. இதை நான் தப்புன்னு சொல்லல.

3/
நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில்ல முகூர்த்த நாள்ல எத்தனை ஜோடி நிக்குதுன்னு கடலூர்க்காரங்களுக்குத் தெரியும். கொரோனாவால கோயில் மூடியிருந்தப்பகூட வாசல் ரோட்டுலயே தாலி கட்டிட்டுப் போனாங்க. சின்னக் கல்யாணம், குறைஞ்ச கடன். நல்லதுதான்.

4/
ஆனா ஒரு விஷயம். மண்டபம், சமையல்காரர், பத்திரிகை, ஜாக்கெட் தையல் எல்லாத்தையும் காசு, ஆள், சிபாரிசு வெச்சு 10 நாள்ல சுருக்கிடலாம். உடம்பைச் சுருக்க முடியாது. ரத்தம் ஊற அதுக்குன்னு நாள் வேணும். தடுப்பூசிக்கும் அப்படித்தான். கல்யாண லிஸ்ட்ல இது ஒரு வரிகூட இருக்கறதில்ல.

5/
முதல்ல ரத்தசோகை. தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4% பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! அதாவது மணமேடையில உக்கார்ற பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ இருக்க வாய்ப்பு அதிகம். களைப்பா இருக்கான்னா "கல்யாண அலைச்சல்"னு சொல்லிடுவோம்.

6/
இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா மாசத்துக்குச் சுமார் 2 கிராம் ஏறும். 8 இருக்கற பொண்ணு 12-க்கு வர ரெண்டு மாசமாவது ஆகும். அதுக்கப்புறமும் 3 மாசம் சாப்பிட்டாத்தான் உடம்புல இருப்பு சேரும். டீ, காபியோட சேர்த்து முழுங்கினா பாதி வீண். மாதுளை ஜூஸ் குடிச்சு 10 நாள்ல ஏத்தறதெல்லாம் நடக்காது.

7/
இப்போ கணக்கு போடுங்க. ஹீமோகுளோபின் 8. 40 நாள்ல கல்யாணம். அடுத்த மாசமே கர்ப்பம். குழந்தை தனக்கு வேண்டிய இரும்பை அம்மாகிட்ட இருந்துதான் எடுக்கும். குறைமாதப் பிரசவம், எடை குறைவான குழந்தை எல்லாத்துக்கும் வாய்ப்பு கூடும். பிரசவத்துல எல்லாருக்கும் ரத்தம் போகும். 12 இருக்கற தாய் தாங்கற இழப்பை 7 இருக்கற தாயால தாங்க முடியாது. அது உயிர்ப் பிரச்சினை.

8/
அடுத்து ஃபோலிக் ஆசிட். குழந்தையோட மூளை, தண்டுவடம் உருவாகற குழாய், கரு உருவான முதல் 28 நாளுக்குள்ள மூடிடும். நிறைய பேருக்கு அப்போ கர்ப்பமே தெரியாது! அதனால கர்ப்பத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே தினமும் 400 மைக்ரோகிராம் ஆரம்பிக்கணும். சுகர், வலிப்பு மாத்திரை இருந்தா அளவு மாறும், டாக்டரைக் கேளுங்க.

9/
ரூபெல்லா. 2017-ல தமிழ்நாட்டுல நடந்த முகாம்ல 15 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத்தான் தடுப்பூசி போட்டாங்க. அப்போ காலேஜ்ல இருந்த பொண்ணுங்க பலர் விட்டுப்போயிருக்கலாம். கர்ப்பத்தோட ஆரம்பத்துல இந்தத் தொற்று வந்தா குழந்தையோட கண், காது, இதயம் பாதிக்கலாம். ஆனா ஊசி போட்டு ஒரு மாசம் கர்ப்பம் கூடாது.

10/
அவசரத்துல நாம செய்யற இன்னொண்ணு: "வெளிய விசாரிக்க ஏது நேரம்? சொந்தத்துலயே முடிச்சுடலாம்." அதே ஆய்வுல தமிழ்நாட்டுல 28% கல்யாணம் சொந்தத்துல. பெரும்பாலான குழந்தைகள் நல்லாதான் பிறக்கறாங்க, பயமுறுத்தல. ஆனா பொதுவா 100-ல 2, 3 குழந்தைக்கு வர்ற பிறவிக் குறை, அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கிட்டா ஏறக்குறைய ரெண்டு மடங்கு. தாய்மாமனைக் கட்டினா இன்னும் கூட.

11/
அதுலயும் தலசீமியா. அறிகுறியே இல்லாம சுமக்கற ரெண்டு பேர் சேர்ந்தா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் 25% வாய்ப்பு: வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏத்தற குழந்தை. கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சைப்ரஸ்னு ஒரு குட்டித் தீவு. கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் சான்றிதழ் வேணும்னு அங்க சர்ச்சே கேட்க ஆரம்பிச்சுது. தலசீமியாவோட பிறக்கற குழந்தைகள் கிட்டத்தட்ட இல்லைங்கற நிலைக்கு வந்துடுச்சு. அங்கயும் பெரும்பாலான ஜோடிகள் கல்யாணத்தை நிறுத்தல. தெரிஞ்சுக்கிட்டு திட்டம் போட்டாங்க.

12/
"டெஸ்ட்னு சொன்னா சம்பந்தி வீட்ல தப்பா நினைப்பாங்களே?" ரெண்டு பேரும் எடுங்க, முதல்ல மாப்பிள்ளை எடுக்கட்டும். அப்போ யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. எச்ஐவி பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துல இலவசம், ரகசியம். மஞ்சள் காமாலை பி இருந்தா துணைக்குத் தடுப்பூசி இருக்கு. ரிப்போர்ட் அந்த ரெண்டு பேருக்குத்தான். சித்தப்பா, பெரியப்பா கைக்குப் போக வேண்டியதில்ல.

13/
பீரியட்ஸ் தள்ளிப்போடற மாத்திரைக்கு வருவோம். மெடிக்கல்ல நீங்களே வாங்கிப் போடாதீங்க. ரத்தம் உறையற பிரச்சினை, கல்லீரல் நோய், கடுமையான ஒற்றைத் தலைவலி இருக்கறவங்களுக்கு ஆகாது. முக்கியமா, அது கருத்தடை மாத்திரை இல்ல. அதை நம்பி முதல் வாரமே கர்ப்பமானவங்க உண்டு. பீரியட்ஸ் இருக்கும்போதும் கல்யாணம் பண்ணலாம். மாத்திரை அந்தப் பொண்ணு கேட்டா மட்டும், அத்தைக்காக இல்ல.

14/
"ஒரே மாசத்துல கலர்" க்ரீம்களுக்கும் இதேதான். பலதுல ஸ்டீராய்டு இருக்கு. மேடையில பளபளப்பு, அப்புறம் தோல் மெலிஞ்சு, பருவும் முடியும் வரும். அதோட சேர்த்து, மேக்கப்புக்கும் ஜாக்கெட்டுக்கும் பட்டினி கிடந்தா ஏற்கனவே குறைஞ்ச ரத்தம் இன்னும் குறையும்.

15/
ஒரு அவசரத்துக்கு மட்டும் என்கிட்ட டிப்ஸ் இல்ல. பிளஸ் டூ முடிச்ச கையோட, 18 ஆகறதுக்கு முன்னாடி "நல்ல இடம் வந்திருக்கு"ன்னு நடத்தற கல்யாணம். அது சட்டப்படி குற்றம், மருத்துவப்படி ஆபத்து. தெரிஞ்சா 1098-க்குக் கூப்பிடுங்க.

16/
என் கருத்து இதுதான். முகூர்த்தத்தைத் தள்ளிப்போட வேணாம். முதல் கர்ப்பத்தை 3, 4 மாசம் தள்ளிப்போடுங்க. ரத்தம் ஏறும், தடுப்பூசிக் கெடு முடியும், 40 நாள் முன்னாடி வரைக்கும் யாருன்னே தெரியாத ரெண்டு பேர் பழகவும் நேரம் கிடைக்கும். ஆணுறை, கருத்தடை மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். எது பொருந்தும்னு கேட்டு வாங்குங்க. "முதல் குழந்தைக்கு முன்னாடி மாத்திரை போட்டா அப்புறம் குழந்தையே நிக்காது"ங்கறது வதந்தி.

17/
பெரியவங்களுக்கு ஒரு வேண்டுகோள். மூணாவது மாசமே "விசேஷம் ஏதாவது உண்டா?"ன்னு கேட்காதீங்க. உங்களுக்கு அது பாசம். அந்தப் பொண்ணுக்கு அது கெடு. மாமியாரே "அவசரமில்லம்மா, முதல்ல உடம்பைத் தேத்திக்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா, என் மாத்திரைச் சீட்டை விட அது நல்லா வேலை செய்யும்.

18/
சுருக்கமா:
முதல் வாரம், மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கற அன்னிக்கே: ஹீமோகுளோபின், ரத்த வகை, சுகர், தைராய்டு, தலசீமியா, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி. தைராய்டு பொண்ணுக்கு, மத்தது ரெண்டு பேருக்கும்.
ரெண்டாவது வாரம்: ரிப்போர்ட்டோட ஜோடியா டாக்டரைப் பாருங்க. தேவைன்னா ரூபெல்லா ஊசி, இரும்பு மாத்திரை.
மூணாவது வாரம்: கருத்தடை எதுன்னு முடிவு. ரெண்டு பேரும் பேசி.
குழந்தைக்கு ஒரு மாசம் முன்னாடி: ஃபோலிக் ஆசிட்.

19/
வீட்ல கல்யாணப் பேச்சு ஓடிட்டு இருந்தா இதை குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. பத்திரிகைக்கு மஞ்சள் தடவறதுக்கு முன்னாடி படிச்சா ரொம்ப நல்லது. புது ஜோடிகளுக்கு வாழ்த்துகள்.