16 கேபி எழுத ரெண்டு நடையா?

என்எஃப்எஸ் மெதுவா இருக்குன்னு யாராவது புலம்பினா போதும், உடனே ஒரு வைத்தியம் சொல்வாங்க: "சர்வர்ல எக்ஸ்போர்ட்டை அசிங்க்னு மாத்துப்பா, பறக்கும்."

பறக்கும்தான். டிஸ்க்குல எழுதாமலே "எழுதிட்டேன்"னு சர்வர் பொய் சொன்னா ஏன் பறக்காது? நடுவுல கரண்ட் போச்சுன்னா டேட்டா அம்பேல். (பேர்லயே அசிங்கம் இருக்குன்னு நான் சொல்லல, ஹிஹி.) என்எஃப்எஸ்-யூடில்ஸ் 1.0.0 வரைக்கும் இதுதான் டீஃபால்ட்டே. அதுக்கப்புறம்தான் சிங்க்குக்கு மாத்தினாங்க.

பிரச்சனை வேற இடத்துல இருக்கு மக்களே. டேட்டாபேஸ் மாதிரி ஆசாமிங்க ஓ_டைரக்ட் போட்டு, கேஷைத் தாண்டி நேரா எழுதுவாங்க. இன்னோடிபி பக்கம் வழக்கமா 16 கேபி. 1995ல வந்த என்எஃப்எஸ் 3ம் பதிப்பு, எழுதுற வேலையை ரெண்டாப் பிரிச்சுது. முதல்ல 'அன்ஸ்டேபிள்' ரைட், சர்வர் மெமரியில வாங்கி வெச்சுக்கும். பின்னாடியே கமிட், அப்போ டிஸ்க்குக்குப் போயாகணும். பெரிய ஃபைலுக்கு இது அருமையான ஏற்பாடு. நூறு ரைட், ஒரே கமிட். நடுவுல சர்வர் ரீபூட் ஆனா வெரிஃபையர் மாறிடும், கிளையன்ட் அதை வெச்சுக் கண்டுபிடிச்சு மறுபடி அனுப்பும்.

ஆனா 16 கேபிக்கு? பேங்க்ல பணத்தைக் கட்டிட்டு வீட்டுக்கு வந்து, ரசீது வாங்க மறுபடி போற கதை. ஒரு நடைக்கு அரை மில்லிசெகண்ட்னு வெச்சுக்கோங்க. டிஸ்க் கணக்கை விட்டுட்டாலும், ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்ததுன்னு எழுதுற புரோக்ராம் செகண்டுக்கு 1000ஐத் தாண்டாது. அதே ரைட்டை 'ஃபைல்_சிங்க்'னு அனுப்பினா டிஸ்க்குல எழுதிட்டுதான் பதிலே வரும், கமிட் தேவையில்லை. 2000 வரைக்கும் போகலாம். பாதுகாப்புல ஒரு பைட்கூடக் குறையல!

டைரக்ட் ரைட் ஒரே டபிள்யூசைஸுக்குள்ள அடங்கினா இப்படி அனுப்புற புத்தி லினக்ஸ் கிளையன்ட்டுக்கு 2.6 கர்னல் காலத்துலயே வந்தாச்சு. அதுக்காக எல்லாத்துக்கும் ஃபைல்_சிங்க் போடுங்கன்னு கிளம்பிடாதீங்க. ஒரு ஜிபி ஃபைலுக்கு ஒவ்வொரு ரைட்டுக்கும் டிஸ்க்கைத் தட்டி எழுப்பணும். பேட்டரி வெச்ச மெமரி இருக்குற சர்வர்னா தாங்கும், சாதா டிஸ்க் நாக்குத் தள்ளிடும்.

அதனால அசிங்க்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கிளையன்ட்ல என்எஃப்எஸ்ஸ்டாட் ஓட்டுங்க. சின்ன டைரக்ட் ரைட் மட்டும் ஓடும்போது கமிட் எண்ணிக்கையும் கூடவே ஏறுதுன்னா, மவுண்ட்ல டபிள்யூசைஸ் எவ்ளோன்னு பாருங்க. என்னிக்கோ யாரோ எழுதி வெச்ச 8 கேபி இன்னமும் அங்க உக்காந்திருக்கும்.