மெதுவா வர்றவனுக்குத்தான் திட்டம்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம். இன்னிக்கு எழுதணும்னு உட்கார வெச்சது ஒரு சண்டை. சண்டைன்னா வெட்டுக்குத்து இல்லைங்க, டீக்கடைச் சண்டை.

போன ஞாயித்துக்கிழமை விடியக்காலை, எங்க பரவை காய்கறி மார்க்கெட் பக்கத்து டீக்கடைல ஆறு பேர் கூடினோம். எல்லாரும் நாப்பதைத் தாண்டின சிங்கங்கள். ஒருத்தர் வாத்தியார், ஒருத்தர் பேங்க், ஒரு மாப்ள லேத் பட்டறை, இப்படி. அஜெண்டா ஒண்ணே ஒண்ணுதான். தை கடைசில நாலு நாள் லீவு போட்டு சைக்கிள்ல மலை ஏறணும். அதுவும் தார் ரோட்டுல இல்ல, மண்ணுலயும் கல்லுலயும்.

மார்க்கெட்ல கொடைக்கானல் பக்கத்துலருந்து வந்த கேரட்டும் பீன்ஸும் இறங்கிட்டிருக்கு. "அது இறங்கி வருதுல்ல, நாம ஏறிப் போவோம்டா"ன்னார் வாத்தியார். இது வரைக்கும் எல்லாம் சுமுகம்.

அப்புறம்தான் பேங்க் மாப்ள போனை எடுத்தான். யாரோ நடந்து போன பாதையை வரைபடமா ஏத்தி வெச்சிருக்காங்க. போடி, குரங்கணி, அங்கிருந்து காட்டு வழியா டாப் ஸ்டேஷன். "பாதை அப்படியே போன்ல இருக்கு மாப்ள, கோடு பிடிச்சுப் போய்ட்டே இருக்கலாம்"ங்கிறான்.

நான் முடியாதுன்னேன். அங்க ஆரம்பிச்ச சண்டை ரெண்டாவது டீ வரைக்கும் நீண்டுச்சு. நான் ஏன் முடியாதுன்னேன்னு அங்க சரியாச் சொல்ல வரலை. அதான் இங்க.

முதல்ல அந்தப் பாதையோட பெருமையைச் சொல்லிடுறேன், இல்லாட்டி மாப்ள கோவிச்சுக்குவான். டாப் ஸ்டேஷன்னு பேர் வந்ததே ஒரு ரோப்வேயாலதான். மூணாறு தேயிலையைக் கொண்டுவர 1902-ல குண்டளை பள்ளத்தாக்கு வழியா ஒத்தைத் தண்டவாள வண்டி விட்டாங்க. 1908-ல அதை நிஜமான குட்டி ரயிலா மாத்தினாங்க. மலை விளிம்பு வரைக்கும் ரயில், அங்கிருந்து கம்பில தொங்கி கீழ கொட்டகுடிக்கு, அப்புறம் போடிக்கு. 1924 வெள்ளம் அந்த ரயிலையே அடிச்சிட்டுப் போயிடுச்சு. இப்ப பெரும்பாலும் பேர்தான் மிச்சம். இப்படி ஒரு கதை உள்ள மலையில ஏறணும்னு யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் உண்டு.

ஆனா அதே குரங்கணி மலையில 2018 மார்ச் 11-ஆம் தேதி என்ன நடந்துச்சுன்னும் நமக்குத் தெரியும். மலையேறப் போன சின்ன வயசுப் பிள்ளைங்க காட்டுத்தீயில மாட்டிக்கிட்டாங்க. இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போச்சு. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஒவ்வொருத்தரா கொண்டு வந்ததை டிவில பார்த்துக்கிட்டு இருந்த ராத்திரி எனக்கு இன்னும் மறக்கலை. காஞ்ச புல்லு, சரிவு, காத்து. தீ சமதளத்தை விட மேடு பார்த்துதான் வேகமா ஏறும். மேல ஓடுறவனை அது முந்திடும்.

அதுக்கப்புறம்தான் அரசாங்கம் மலையேற்றத்துக்குன்னே தனியா விதிமுறைகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறையே நாப்பது பாதைகளைத் திறந்து, பணம் கட்டி முன்பதிவு பண்ணி, உள்ளூர் வழிகாட்டியோட போற மாதிரி வெச்சிருக்கு. நல்ல ஏற்பாடு. ஆனா அது நடக்கிறவங்களுக்கு. சைக்கிளைத் தூக்கிட்டு எங்க வேணா நுழையலாம்னு அர்த்தம் இல்ல.

இங்கதான் நம்ம ஆளுங்க ஒரு தப்புக் கணக்கு போடுறாங்க. "சைக்கிள்தானே, புகையா சத்தமா, யார் கேப்பா?" கேக்கணும் சாமி. கொடைக்கானல் சுத்துவட்டக் காடு 2013-லருந்து வன உயிரினச் சரணாலயம். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021-லருந்து புலிகள் காப்பகம். அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள போறது குற்றம், நடந்து போனாலும் சரி, சைக்கிள்ல போனாலும் சரி. சட்டத்தை விடுங்க. சத்தமே இல்லாம இறக்கத்துல வர்ற சைக்கிள் ஒரு வளைவுல காட்டு மாட்டு முன்னாடி போய் நின்னா, அந்த மாட்டுக்கு எப்படித் தெரியும் நம்ம ஆள் பேங்க்ல வேலை பாக்குறான்னு? :)

போன்ல இருக்கிற கோடு ஒருத்தன் ஒரு நாள் போனதுக்கான அடையாளம். அவன் எந்த மாசம் போனான், மழையா வெயிலா, அனுமதி வாங்கினானா, எத்தனை பேர், அதுல யாருக்காவது மூச்சு வாங்குச்சா? இதெல்லாம் கோட்டுல இருக்காது.

சரி, இனிமே சொல்லப் போறது கொஞ்சம் சொந்தக் கதை. டீக்கடைல நான் சொல்லாததும் இதுதான். அங்க அந்த ஆளும் உட்கார்ந்திருந்தார்.

பல வருசத்துக்கு முன்னாடி இதே ஆறு பேர் சிறுமலைக்குப் போனோம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்துல, பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போதே ஒருத்தர் மட்டும் பின்தங்கினார். அவரை அண்ணாச்சின்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு வளைவுலயும் நாங்க நின்னோம். அவர் வந்து சேர்ந்ததும் "வா அண்ணாச்சி, கிளம்பலாம்"னு உடனே ஏறினோம். கவனிச்சீங்களா? ஓய்வு எங்களுக்குத்தான் கிடைச்சுச்சு. ரொம்பக் களைச்சவருக்கு ஒரு நிமிசம்கூட இல்ல. அன்னிக்கு அது உறைக்கலை.

இறங்கும்போது பொழுது சாஞ்சிருச்சு. இறக்கம்னா கேக்கணுமா, அஞ்சு பேரும் பறந்தோம். கீழ வந்து டீ, வடை, போட்டோ, அரட்டை. அரை மணி நேரம் கழிச்சு வாத்தியார்தான் கேட்டார், "அண்ணாச்சி எங்கடா?"

மேல ஒரு வளைவுல விழுந்து கிடந்திருக்கார். பிரேக் கட்டை தேஞ்சு போய் பிடிக்கலை. காறை எலும்பு முறிஞ்சு, இருட்டுல, தனியா. வாழைத்தார் ஏத்திட்டு வந்த ஒரு வேன்காரர்தான் தூக்கிப் போட்டுக் கொண்டு வந்தார். அவர் மட்டும் அன்னிக்கு அந்த வழியா வரலைன்னா... வேணாம், அதை எழுதலை.

ஆஸ்பத்திரில அவங்க வீட்டம்மா திட்டலை. அழவும் இல்ல. என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "கூட அஞ்சு பேரு போனீங்கள்ல அண்ணே?"

அதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.

அதனால என் கருத்து இதுதான். நாம பாதையைத்தான் முதல்ல தீர்மானிக்கிறோம், ஆளுங்களை அப்புறம் அதுக்குள்ள திணிக்கிறோம். அதைத் தலைகீழா செய்யணும். கூட்டத்துலயே மெதுவா வர்றவர் யாரு, அவரால ஒரு நாளைக்கு எவ்வளவு முடியும், அவர் இருட்டறதுக்கு முன்னாடி எங்க போய்ச் சேருவார்? இதுல ஆரம்பிச்சு, அதுக்கு ஏத்த பாதையைத் தேடணும். வேகமா போறவனுக்கு அது போரடிக்கும்தான். போரடிச்சா ஒண்ணும் ஆகிடாது.

கணக்காவே பாப்போம். பரவை கிட்டத்தட்ட வைகைக் கரை மட்டம், 140 மீட்டர் உயரம் இருக்கலாம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல. ஆக ரெண்டாயிரம் மீட்டர் ஏத்தம். ஆளு எழுபது கிலோ, சைக்கிளும் மூட்டையும் இருபது. இந்தத் தொண்ணூறு கிலோவை அவ்வளவு உயரம் தூக்க, நம்ம வயசு ஆளு விடாம 100 வாட் சக்தி கொடுத்து மிதிச்சா (வீட்டுல முன்னாடி எரிஞ்ச குண்டு பல்பு, அதே நூறு வாட்தான்) கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆகும். அது தூக்கறதுக்கு மட்டும். மண்ணு டயரைப் பிடிச்சு இழுக்கறது, நடுவுல வர்ற இறக்கம், மறுபடி ஏத்தம், பஞ்சர், சோறு எல்லாம் தனி. 80 வாட்தான் முடியும்ங்கிறவருக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டிரும். ஒரே நாள்ல ஏறிடலாம்னு சொல்றவன் அந்த எண்பது வாட்காரரைக் கணக்குல சேர்க்கலைன்னு அர்த்தம்.

"அப்போ நீ என்னதான் சொல்ற?"ன்னு கேட்டான் மாப்ள. நான் சொன்ன மாத்துத் திட்டம் இது.

முதல் நாள் காடே வேணாம். பரவையிலருந்து வாடிப்பட்டி பக்கம் போய் பெரியாறு பிரதானக் கால்வாய்க் கரையைப் பிடிக்கிறோம். முல்லைப் பெரியாறு தண்ணி வைகையில கலந்து, பேரணைல பிரிஞ்சு மேலூர் பக்கம் போற கால்வாய் அது. கரைமேல மண் ரோடு. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் தென்னந்தோப்பு, வடக்க சிறுமலை. மண்பாதைக்கு மலைக்குத்தான் போகணும்னு யார் சொன்னா? கரை முடியற இடத்துல பேரணை, பக்கத்துல அணைப்பட்டி. ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நிலக்கோட்டை, வத்தலக்குண்டு. ராத்திரி தங்கல் பட்டிவீரன்பட்டி பக்கம்.

இந்த வழில ஒரே எதிரி சீமைக்கருவேல முள்ளு. ஆளுக்கு ரெண்டு டியூப், சொல்யூஷன் பசை, காத்தடிக்கிற பம்ப். இது இல்லாம வர்றவன் சைக்கிளைத் தள்ளிட்டு வரட்டும்.

ரெண்டாம் நாள் அய்யம்பாளையம், மருதாநதி அணை, அங்கிருந்து தாண்டிக்குடி ஏத்தம். ரோடு போட்ட மலைப்பாதைதான், ஆனா கொடைக்கானல் மெயின் ரோடு மாதிரி பஸ்ஸும் காரும் நெரிக்காது. மேல காப்பித் தோட்டம், மிளகு, மலை வாழை, காப்பி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையம், பெருங்கற்கால ஆளுங்க விட்டுட்டுப் போன கல்திட்டைகள். அன்னிக்கு அதோட சரி. வேற எங்கயும் போகலை.

மூணாம் நாள் பண்ணைக்காடு, பெருமாள்மலை வழியா கொடைக்கானல். நடுவுல ஊருக்கு ஊர் போற மண்பாதைகள் இருக்கு. ஊர்க்காரங்ககிட்ட கேட்டு, தோட்டத்துக்காரங்க அனுமதியோட மட்டும்.

நாலாம் நாள் இறக்கம். பழைய காட் ரோடு. அந்த ரோடு வர்றதுக்கு முன்னாடி கொடைக்கானல் போறதுன்னா ரயில்ல அம்மையநாயக்கனூர், அங்கிருந்து ராத்திரி பூரா மாட்டு வண்டி, அப்புறம் பெரியகுளத்துக்குப் பக்கத்துலருந்து மட்டக்குதிரையிலயோ, டோலியிலயோ, நடந்தோ ஏறணும். 1845-லயே நம்ம மதுரை அமெரிக்கன் மிஷன்காரங்க இப்படி ஏறித்தான் மேல முதல் வீடுகளைக் கட்டினாங்க. அந்தப் பழைய மலைப்பாதையில வெள்ளகவி கிராமத்து மக்கள் காலங்காலமா மூட்டை தூக்கி நடந்திருக்காங்க. நமக்கு சாகசம், அவங்களுக்கு ரேஷன் அரிசி. இதை யோசிச்சா நம்ம வீரம் கொஞ்சம் அடங்கும்.

ஏன் தை கடைசின்னா, வடகிழக்கு மழை நின்னு மண் இறுகியிருக்கும், காட்டுத்தீ சீசன் இன்னும் ஆரம்பிச்சிருக்காது. மாசி, பங்குனில இந்த யோசனையே வேணாம்.

கடைசியா மூணு சட்டம் போட்டோம். ஒண்ணு, மெதுவா வர்றவர்தான் எப்பவும் ரெண்டாவது ஆள். அவர் வேகம்தான் கூட்டத்தோட வேகம். கடைசியில பழக்கப்பட்ட ஒருத்தர் வருவார். முதல் டேர்ன் நான். ரெண்டு, நின்னா எல்லாரும் நிக்கணும், கடைசியா வந்தவர் "போலாம்"னு சொன்னாத்தான் கிளம்பணும். மூணு, இறக்கத்துக்கு முன்னாடி ஆறு சைக்கிளுக்கும் புது பிரேக் கட்டை, நடுவுல நின்னு ரிம்மைத் தொட்டுப் பார்த்து ஆற விடணும். லேத் மாப்ள இதைப் பொறுப்பேத்துக்கிட்டான்.

"இதுல திரில் எங்க இருக்கு?"ன்னு கேட்ட பேங்க் மாப்ளக்கு அண்ணாச்சிதான் பதில் சொன்னார். அது வரைக்கும் அவர் வாயே திறக்கலை. "நான் மறுபடி சைக்கிள்ல ஏறுறதே திரில்தான்டா."

அதோட சண்டை முடிஞ்சுச்சு.

இன்னும் ஒரு அனுமதி பாக்கி இருக்கு. இது வனத்துறை தர்றது இல்ல. அண்ணாச்சி வீட்டுக்கு நாளைக்கு நான்தான் போய்க் கேக்கணும்னு அஞ்சு பேரும் சேர்ந்து தள்ளி விட்டுட்டாங்க. அந்தம்மா அதே கேள்வியைத் திரும்பக் கேப்பாங்கன்னு தெரியும். இந்தத் தடவை போன்ல இருக்கிற கோட்டைக் காட்டப் போறதில்ல. மூணு சட்டத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போறேன். கூடவே, கடைசியில வர்ற ஆளு யாருங்கறதையும்.

டிஸ்கி: தாண்டிக்குடி ஏத்தத்துல சைக்கிள் மிதிச்ச பதிவர்கள் யாராவது இருந்தா, தண்ணி கிடைக்கிற இடங்களைப் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. "இந்த வயசுல தேவையா?"ன்னு கேக்க வர்றவங்க வரிசையில நிக்கவும். முதல் இடம் எங்க வீட்டுலயே புக் ஆகிடுச்சு :)