'சுராங்கனி' பாட்டுல மீன் எங்கேருந்து வந்துச்சு?

அம்பத்தூரோ ஆவடியோ, கல்யாண ரிசப்ஷனில் லைட் மியூசிக் சூடுபிடிக்கும் நேரத்தில் 'சுராங்கனி' கண்டிப்பாக வந்துவிடும். தாத்தா கைதட்டுவார், எல்.கே.ஜி பேத்தி ஆடுவாள். எல்லோரும் சேர்ந்து 'மாலு மாலு' என்று கத்துகிறார்களே, அது என்ன? சிங்களத்தில் 'மாலு' என்றால் மீன். சுராங்கனிக்காகக் கொண்டுவந்த மீன். அவ்வளவுதான் சங்கதி!

சிங்களமும் தமிழும் கலந்து இதைப் பாடிப் பிரபலமாக்கியவர், 'சிலோன் மனோகர்' என்று இங்கே அறியப்பட்ட இலங்கைத் தமிழர் ஏ.இ.மனோகரன். 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜாவும் இதைக் கையில் எடுத்தார். மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாட, தமிழ்நாட்டில் பலருக்கு இது சினிமாப் பாட்டாகவே மனதில் தங்கிவிட்டது.

உண்மையில் அதன் தாளம் பைலா. போர்த்துகீசிய மொழியில் ஆட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். 1505-ல் போர்த்துகீசியர்கள் இலங்கைக்கு வந்தார்கள். ஐரோப்பியர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் தாளமும் போர்த்துகீசியர்களின் ஆட்டமும் சேர்ந்து முதலில் 'கஃபிரிஞ்ஞா' என்ற இசை பிறந்தது. 1940-களில் அதற்குச் சிங்கள வார்த்தைகள் போட்டு ஊரெல்லாம் பரப்பியவர் வொலி பஸ்தியன். அவர் ஒரு போலீஸ்காரர் என்பதுதான் இதில் செம சுவாரஸ்யம்! இரண்டு பேர் மேடையேறி, அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்கும் 'வாத பைலா'வும் உண்டு. நம்ம ஊர் கானா போட்டிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்றே சொல்லலாம்.

இந்தத் துள்ளலில் யாழ்ப்பாணத் தமிழைக் கலந்தவர் நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே' பாட்டில், மாமியிடம் அவருடைய சின்ன மகள் எங்கே என்று ஒரு இளைஞன் நைஸாக விசாரிப்பான். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்று அவர் சொன்ன புத்திமதியைக் கேட்டு ஆடியவர்களே அதிகம். உபதேசத்துக்கே டான்ஸ் போட வைத்தவர்!

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் போர் 2009 வரை நீண்டது. இரண்டு மொழிக்காரர்களும் எதிரெதிராக நின்ற அத்தனை வருடமும், தமிழ்நாட்டுக் கல்லூரி டூர் பஸ்களில் பசங்க சிங்கள வார்த்தைகளை அர்த்தம் தெரியாமலே பாடிக்கொண்டிருந்தார்கள். நித்தி ஆஸ்திரேலியாவில் குடியேறினார். சினிமாவில் வில்லனாகவும் வந்துபோன மனோகரன், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

அடுத்த ரிசப்ஷனில் 'இளையராஜா ஹிட்ஸ்' என்று சொல்லி 'சுராங்கனி'யை ஆரம்பித்தால், மைக் பிடிக்கிற அண்ணனிடம் மனோகரன் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.