திறமையா, திருட்டா?

“போக்கர் சூதாட்டமன்று, திறமை விளையாட்டு” என்று விடுதி நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நான் கேட்கிறேன்: எதிரி நம் சீட்டைப் பார்த்துவிட்டால் நம் திறமையால் என்ன பயன்?

இது கற்பனையன்று. ‘அல்டிமேட் பெட்’ என்ற இணையப் போக்கர் நிறுவனத்தில் பல ஆண்டுகள் நடந்தது. பிறர் மறைத்து வைத்த சீட்டுகளைக் காட்டும் இரகசிய வழி மென்பொருளிலேயே இருந்தது. அந்த மோசடிக்கு முதன்மைப் பொறுப்பாளி என்று கனடாவின் கானவாகே சூதாட்ட ஆணையம் 2008-இல் யாரை அறிவித்தது தெரியுமா? 1994-இன் உலகப் போக்கர் வெற்றியாளர் ரஸ் ஹாமில்டனை! உலகையே வென்றவருக்கும் திறமை போதவில்லை போலும்.

குட்டை உடைத்தவர்கள் ஏமாந்த ஆட்டக்காரர்களே. ஆட்டக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்து, நேர்மையாக ஆடி இவ்வளவு வெல்ல இயலாது என்று காட்டினார்கள்.

மென்பொருள் ஓட்டை இல்லாவிட்டாலும் கவலையில்லை! இருவர் தொலைபேசியில் தம் சீட்டுகளைச் சொல்லிக்கொண்டே மூன்றாமவரை மொட்டையடிக்கலாம். முகம் தெரியாத மேசையில் கூட்டாளி யார், எதிராளி யார்?

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025-இல் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் கடையை மூடலாம். ஆசையை நாம்தான் மூட வேண்டும். தந்தை அனுப்பும் விடுதிக் கட்டணம் பந்தயப் பணமன்று. நண்பர்களே, சிந்திப்போம்!