கோட்டை வளரும் விதி

நம் சங்கத்து நூலக அறையில் ஞாயிறுதோறும் கூடும் சிறுவரிடையே சென்ற திங்கள் ஒரு வழக்கு எழுந்தது. கற்பனை நாடொன்றில் ஆளுக்கொரு வீரராய் வேடம் பூண்டு, பகடை உருட்டிக் கதையை வளர்ப்பது அவர்களுடைய ஆட்டம். நால்வருள் ஒருவன் தன் பொன்னையெல்லாம் செலவிட்டு, ஒரே மாலையில் தன் குடிலைப் பெருங்கோட்டையாக்கினான். மற்ற மூவரும் வெறுமனே பார்த்திருந்தனர். மறுவாரம் இருவர் வரவில்லை. தந்தையரின் மாற்றலால் ஊர் ஊராய்ப் பெயரும் நம் பிள்ளைகளுக்கு நட்பு எளிதிற் கிட்டுவதன்று. ஆகவே, விதி வகுத்துத் தருமாறு எஞ்சியோர் கேட்டபோது நாம் மறுக்கவில்லை.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் ஆக்கி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்குத் தாய். உயர்நிலை எய்திய வீரர் கோட்டை கட்டலாம் என்பது அதில் தொடக்கத்திலேயே உண்டு. 2024இல் வெளிவந்த அதன் நடத்துநர் கையேடு இதனை முறைப்படுத்தியுள்ளது. ஐந்தாம் படிநிலையிலேதான் கோட்டை வாய்க்கும். சிற்றறை ஒன்று சேர்க்க 500 பொற்காசும் 20 நாளும், நடுத்தர அறைக்கு 1,000 காசும் 45 நாளும், பேரறைக்கு 3,000 காசும் 125 நாளும் வேண்டும். கொல்லுலை, நூலகம் போன்ற சிறப்புக் கூடங்களோ பொன் கொடுத்துப் பெறுவன அல்ல. 5, 9, 13, 17 ஆகிய படிநிலைகளை எய்துங்கால் கிட்டுவன.

இதன் உட்கருத்து யாது? பொன் ஒன்றே விலையாயின் செல்வர் மேலும் செல்வராவர்; ஏனையோர் வேடிக்கை மனிதராவர். நாளையும் விலையாக்கினால் அவ்வேகம் தணியும். கட்டடம் எழும் காலத்தில் தோழருடன் புறப்பட்டுச் செல்ல வேண்டியும் வரும்.

இவற்றை எண்ணி நாம் மூன்று விதிகள் வகுத்தோம். ஒரு வேளையில் ஒரு கட்டடமே எழலாம். ஒவ்வோர் அறைக்கும் பணியாளும் கூலியும் உண்டு. கூலி தவறின் அறை பூட்டப்படும், இடிக்கப்படாது. மூன்றாவதாக, புதிய அறை ஒவ்வொன்றும் வேறொரு வீரருக்கும் பயன்பட வேண்டும்.

"நான் ஈட்டிய பொன் என்னுடையதன்றோ?" என்று கோட்டைக்காரன் கேட்டான். நேர்மையான கேள்விதான். "பொன் உன்னுடையதே, மாலைப்பொழுது நால்வருக்கும் உரியது" என்றோம். அவன் முகம் வாடியது. எனினும் ஆட்டத்தை விட்டு எழவில்லை.

விலகிய இருவருள் ஒருவன் திரும்பிவிட்டான். மற்றவன் இன்னும் வரவில்லை. சென்ற ஞாயிறன்று கோட்டைக்காரன் அவனுடைய வீரனுக்கென ஒரு படுக்கையறை கட்டத் தொடங்கியுள்ளான். ஆட்டக் கணக்கில் அது முடிய இன்னும் பதினைந்து நாள் உள்ளது. அப்பிள்ளையின் பெற்றோர் இதனைப் படிப்பாராயின், அவனிடம் இச்செய்தியைக் கூறுவாராக.