வீட்டு வரிக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்

தோட்டத்து லயத்தில் இருந்தவரை வீட்டு வரி என்றால் என்னவென்று நமக்குத் தெரியாது. லயம் நிர்வாகத்தின் சொத்து. அதன் வரி அவர்கள் பாடு. இன்று நிலைமை வேறு. தோட்டங்கள் விற்கப்பட்டன. நம்மில் பலர் சேமநிதிப் பணத்தைப் போட்டு, கடனும் வாங்கி, தாமானில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். சாவி கைக்கு வந்த சந்தோஷம் அடங்குவதற்குள் மன்றத்துக் கடிதமும் வந்துவிடுகிறது. நாம் 'சுக்காய் பிந்து' என்று சொல்லும் மதிப்பீட்டு வரி அது.

சில மாதங்களுக்கு முன்பு ஓர் அக்கா எங்கள் சங்க அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டிய கைகள். பையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து வைத்தார். மூன்றும் மலாயில் இருந்தன. "சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வெச்சிருந்தேன் தம்பி. இப்போ வாரண்டு வரும்னு சொல்றாங்களே" என்று கண் கலங்கினார். பிரித்துப் படித்தோம். முதல் கடிதம், வீட்டின் மதிப்பை உயர்த்தப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதிக்குள் எழுதிக் கொடுங்கள் என்றது. இரண்டாவது, வரி பில். மூன்றாவது, பாக்கிக்கான எச்சரிக்கை. ஆட்சேபத் தேதி எப்போதோ போய்விட்டது. பாக்கியைத் தவணையில் கட்ட மன்றத்தில் பேசி ஏற்பாடு செய்ததைத் தவிர எங்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

இந்த நிலை இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது. அதனால்தான் இந்த வாரம் இந்தக் கணக்கைப் பேசுகிறோம். கணக்கு ஒன்றும் பெரிய வித்தையல்ல. பெரட்டுக்களத்தில் பேர் போட்ட நாளிலிருந்து கிராணியின் கணக்கைச் சரிபார்த்துப் பழகியவர்கள் நாம்.

வீட்டு வரிக்கு ஆதாரம் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம். வரியில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, வீட்டின் ஆண்டு மதிப்பு. மற்றது, மன்றம் விதிக்கும் விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் வரி.

ஆண்டு மதிப்பு என்றால் என்ன? அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. "நாங்களேதானே குடியிருக்கோம், எங்களுக்கு எவன் வாடகை தர்றான்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சொந்தக்காரர் குடியிருந்தாலும், விட்டால் என்ன வாடகை வரும் என்றுதான் கணக்கிடும்.

ஓர் உதாரணம் சொல்வோம். மாத வாடகை 300 வெள்ளி பெறும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 3,600. விழுக்காடு 4 என்றால் வரி 144 வெள்ளி. அரையாண்டுக்கு 72. இப்போது மறுமதிப்பீட்டில் அதே வீட்டின் வாடகை 600 என்று எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். ஆண்டு மதிப்பு 7,200. விழுக்காடு அதே 4தான். ஆனால் வரி 288 ஆகிவிட்டது! "விழுக்காட்டை ஏத்தவே இல்லையே" என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏமாறாதீர்கள். மதிப்பு ஏறினாலும் நம் பையிலிருந்துதான் பணம் போகிறது.

ஜொகூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு வழி வேறு. அங்கே வாடகையைப் பார்ப்பதில்லை. நிலமும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பைப் பார்க்கிறார்கள். ஆகவே விழுக்காடு மிகச் சிறியதாகத் தெரியும். அதை நம் ஊர் விழுக்காட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை. சட்டம் வைத்திருக்கும் உச்ச வரம்பும் அப்படித்தான்: ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு, மொத்த மதிப்பில் 5 விழுக்காடு.

மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாநில அரசு அதை நீட்டிக்கலாம். நீட்டிக்க நீட்டிக்க, ஏறும்போது மொத்தமாக ஏறும். கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு 2013 கடைசியில்தான் மறுமதிப்பீடு வந்தது. பில்லைப் பார்த்த மக்கள் கொதித்துப்போனார்கள். ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. முடிவில் வீடுகளுக்கான விழுக்காடு 6லிருந்து 4 ஆகக் குறைக்கப்பட்டது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது இதுதான்.

ஆட்சேபம் சொல்ல வக்கீல் வேண்டியதில்லை. மறுமதிப்பீட்டு அறிவிப்பில் விசாரணைக்கு ஒரு தேதி இருக்கும். அதற்குக் குறைந்தது 14 நாளுக்கு முன்பே எழுத்து மூலம் கொடுத்துவிட வேண்டும். அதே வரிசையில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் உண்மையான வாடகை என்ன, நம் வீட்டில் என்ன குறை, மழை பெய்தால் தண்ணீர் ஏறுமா என்பதை எழுதுங்கள். விசாரணைக்கு நேரில் போங்கள். மன்றத்தின் முடிவில் திருப்தியில்லை என்றால் உயர்நீதிமன்றம் போகவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஒன்று: ஆட்சேபம் எழுதிவிட்டோமே என்று பில்லைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். பாக்கி விழுந்தால் நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் வாரண்டு போட்டு வீட்டுச் சாமான்களை எடுத்துப்போக மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பிப்ரவரிக் கடைசியும் ஆகஸ்ட் கடைசியும் கெடு நாள்கள். நில வரி இதிலிருந்து வேறு. அது மாநில நில அலுவலகத்துக்குப் போவது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுப்படியை இழுத்துக் கட்டினால் ஆண்டு மதிப்பு கூடக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நாம் வரி கட்ட மறுப்பவர்கள் அல்ல. குப்பை அள்ள வேண்டும், கால்வாய் தூர்வார வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும். அதற்குப் பணம் தேவைதான். ஆனால் மன்ற உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது; 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவுகட்டிவிட்டது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. பிடிக்காதவரை ஓட்டால் இறக்க முடியாத இடத்தில், வரி விஷயத்தில் சட்டம் நம் கையில் கொடுத்திருக்கும் ஆயுதம் இந்த ஆட்சேபக் கடிதம்தான். அதையும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டால் எப்படி?

மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். மறுமதிப்பீட்டு அறிவிப்போடு தமிழில் ஒரு பக்க விளக்கம் அனுப்புங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரியைத் தாமானுக்கு அனுப்பி வையுங்கள்; கோயில் மண்டபத்தை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மன்றத்திலிருந்து கடிதம் வந்தால் அன்றைக்கே பிரியுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து, என்ன தேதி, என்ன தொகை என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு வெள்ளி சம்பளம் குறைந்தாலும் ஏன் என்று கேட்ட நாம், வரியில் ஒரு வெள்ளி கூடினாலும் ஏன் என்று கேட்போம்.